காட்டின் காலமும் கல்வியின் காலமும்

பிற பிரயோக சாஸ்திரங்களுக்கும் வனவியலுக்கும் உள்ள வேறுபாடுகளில் தலையாயது, வனவியலைக் கற்பவன் தன் வேலையின் பலனைத் தன் கண்ணால் காண்பது அரிது என்பதே. நெல் பயிரிடக் கற்றவனுக்குத் தன் பிழை நான்கு மாதத்தில் தெரிந்துவிடுகிறது; தேக்கு நடக் கற்றவனோ, அறுபது எண்பது ஆண்டுகள் கழித்து வேறொருவர் வெட்டப்போகும் மரத்தைப் பற்றி இன்று தீர்மானம் செய்துவிட்டு, அத்தீர்மானம் சரியா தவறா என்று அறியாமலே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறான். அதற்கிடையில் அவன் ஓரிடத்தில் தங்கும் காலமும் சொற்பம். சில ஆண்டுகளுக்கொரு முறை மாறுதல் உத்தரவு வந்து, அப்போதுதான் பழகத் தொடங்கிய மலையிலிருந்து பழகாத மலைக்கு அவனை அனுப்பிவிடுகிறது. வனக் கல்வியைச் சீர்திருத்த வேண்டும் என்போர், செய்முறைப் பயிற்சி போதவில்லை என்றும், காட்டில் வாழும் மக்களின் பரம்பரை அறிவு பாடத்தில் இடம்பெறவில்லை என்றும், டிஜிட்டல் சாதனங்களைப் பயன்படுத்தக் கற்பிக்கவில்லை என்றும் மூன்று குறைகளைத் தனித்தனியே எடுத்துரைப்பது வழக்கம். என் அபிப்பிராயத்தில் இம்மூன்றும் ஒரே குறையின் மூன்று தோற்றங்கள். காட்டின் காலம் நீண்டது, கல்வியின் காலம் குறுகியது. இடையிலுள்ள பள்ளத்தைக் கடக்க நீண்ட ஞாபகம் ஒன்று தேவை. அந்த ஞாபகத்தை எங்கிருந்து பெறுவது, எப்படிக் காப்பது என்பதே வனக் கல்வியின் மூலப் பிரச்னை.

இத்தேசத்தில் வனவியல் தோன்றிய விதத்தைச் சற்றே நினைவுகூர்ந்தால் இது விளங்கும். 1840-களில் மலபார் கலெக்டராயிருந்த கனோலி, கப்பல் கட்டத் தேக்கு கிடைப்பது அருகி வருவதைக் கண்டு நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட முனைந்தபோது, முதலில் விதை முளைக்கவே இல்லை. தேக்கின் விதை தடித்த ஓட்டுக்குள் உறங்குவது. அதை எழுப்பும் உபாயத்தைச் சொல்லித்தரும் கல்லூரி அன்று எங்கும் கிடையாது. பல முயற்சிகள் பாழான பின், கனோலியின் கீழ் உத்தியோகம் பார்த்த சாத்து மேனோன் என்ற உள்நாட்டவரே நாற்று வளர்த்து நடுவதில் வெற்றி கண்டார். கனோலி 1855-ல் கொலையுண்டு மாண்டார். சாத்து மேனோனும் காலக்கிரமத்தில் மறைந்தார். அவர்கள் நட்டவற்றுள் சில மரங்கள் இன்றும் நிலம்பூரில் நிற்கின்றன. உலகின் மிகப் பழமையான தேக்குத் தோட்டங்களுள் ஒன்று என்று அதைக் காட்டும் வழிகாட்டிகள் கலெக்டரின் பெயரையே முதலில் சொல்வது ஒருவிதத்தில் இயல்புதான். பெயர்ப்பலகைகள் பதவியின் வரிசையிலேயே எழுதப்படுகின்றன.

இந்திய வனத்துறையின் மூலபுருஷர் என்று கருதப்படும் டீட்ரிக் பிராண்டிஸ் ஜெர்மனியின் பான் நகரத்தவர். தாவர சாஸ்திரத்தில் தேர்ந்தவர். 1856-ல் பர்மாவின் பெகு பிரதேசக் காடுகளுக்கு மேற்பார்வையாளராக வந்தவர். 1864-ல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானவர். ஒரு காட்டில் எத்தனை தேக்கு நிற்கிறது என்றே தெரியாத அந்நாளில், அவர் யானைமீது அமர்ந்து குறிப்பிட்ட கோடுகள் வழியே சென்று, பருமன் வகைக்கு ஒன்றாக நான்கு மூங்கில் துண்டுகளை ஒரு கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் படும் ஒவ்வொரு தேக்குக்கும் உரிய துண்டில் மறுகைக் கத்தியால் ஒரு வெட்டு வெட்டிக்கொண்டே போவாராம். மழையில் காகிதம் நனையலாம், மை கரையலாம். மூங்கிலுக்கு அந்தப் பயம் இல்லை. மாலையில் கூடாரத்துக்குத் திரும்பி வெட்டுகளை எண்ணினால் அன்றைய கணக்கு கிடைத்துவிடும். இன்றைய மாதிரிக் கணக்கெடுப்பு முறைகளின் ஆதிரூபங்களில் ஒன்று அது. அதே பிராண்டிஸ்தான், மலைச்சாரலை வெட்டி எரித்துப் பயிர் செய்யும் கரேன் மக்களைக் காட்டின் சத்துருக்கள் என்று விலக்கிவிடாமல், அவர்களுடைய புனக்காட்டில் நெல்லோடு தேக்கையும் சேர்த்து நடும் ஏற்பாட்டைப் புகுத்தியவர். பயிர்க்காலம் முடிந்து அவர்கள் அடுத்த சாரலுக்கு நகரும்போது பின்னால் தேக்குத் தோப்பு நிற்கும். தௌங்யா என்ற பெயரோடு உலகெங்கும் பரவிய அம்முறை, களை எடுப்பதிலும் தீ வைப்பதிலும் கரேன் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெற்றிருந்த தேர்ச்சியின்றி ஒரு நாளும் நடந்திராது. அம்மக்களின் உழைப்பை அரசாங்கம் மலிவாகப் பெற்றுக்கொண்டது என்ற குற்றச்சாட்டும் உண்மையே. ஆயினும் இந்திய வனவியல் அதன் பிள்ளைப் பருவத்திலேனும் காட்டில் நின்று, காட்டு மக்களிடம் கேட்டுக் கற்றது என்பதை மறுப்பதற்கில்லை.

பின்னர் ஸ்தாபனங்கள் வந்தன. 1878-ல் டேராடூனில் வனப் பள்ளி தொடங்கிற்று. 1906-ல் அங்கேயே ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. தென்னாட்டுக்கென்று 1912-ல் கோயம்புத்தூரில் மதராஸ் வனக் கல்லூரி ஏற்பட்டது. அதற்குப் பத்தாண்டு முன்னரே அவ்வூரில் நிறுவப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம். ஸ்தாபனங்கள் வந்தபோது அவற்றோடு படிக்கட்டும் வந்தது. மேல் உத்தியோகஸ்தர்கள் பிரான்ஸின் நான்சியிலும், 1885-க்குப் பின் இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில்லிலும் கற்று வந்தார்கள். வனச்சரகர்கள் டேராடூனிலும் கோயம்புத்தூரிலும் கற்றார்கள். வனக்காப்பாளரும் காவலரும் பெரும்பாலும் காட்டிலேயே கற்றார்கள். இந்த ஏற்பாட்டின் விளைவு விசித்திரமானது: காட்டோடு இருப்பவன் எவ்வளவுக்கெவ்வளவு நெடுநாள் இருக்கிறானோ, அவ்வளவுக்கவ்வளவு அவன் படிக்கட்டின் கீழே நிற்கிறான், தீர்மானம் செய்யும் அதிகாரம் ஏற ஏறக் காட்டில் தங்கும் காலம் குறைகிறது. சுதந்திரத்துக்குப் பின்னும் அந்தப் படிக்கட்டு அகற்றப்படவில்லை. ஏறி நிற்பவர்களின் நிறம் மாறிற்று, அவ்வளவே.

1985-ஐ ஒட்டி மாநில வேளாண் பல்கலைக்கழகங்களில் வனவியலுக்கென்று நான்காண்டு இளநிலைப் பட்டப் படிப்பு தொடங்கப்பட்டதும், தமிழ்நாட்டில் அது மேட்டுப்பாளையத்தில் தனிக் கல்லூரியாக நிலைபெற்றதும், வனக் கல்வியை உத்தியோகஸ்தர்களின் ஏகபோகத்திலிருந்து விடுவித்த நற்செயல்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. நாற்றங்கால், மண் பரிசோதனை, மர அளவை முதலிய செய்முறைகளும், இறுதியாண்டில் களத்தில் தங்கிப் பெறும் அனுபவப் பயிற்சியும் அப்படிப்பில் உண்டு. குறை வேறிடத்தில் இருக்கிறது. மாணவன் பல காடுகளுக்குப் போகிறான். ஒரு காட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவதில்லை. பேருந்தில் ஏறி, ஒரு நாளில் தேக்குத் தோட்டமும், மறுநாள் சோலையும், அதற்கடுத்த நாள் சந்தன மரக் கிடங்கும் பார்த்து, குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டு விடுதிக்குத் திரும்புகிறவனுக்குக் காட்டின் வகைகள் தெரிகின்றன. காட்டின் போக்கு தெரிவதில்லை. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி மரத்தின் சுற்றளவை எடுக்க அவனுக்குக் கைவரும். அதே மரத்தை மூன்றாண்டுக்குப் பின் மறுபடி அளந்து, வளர்ந்திருக்க வேண்டிய அளவு ஏன் வளரவில்லை என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் சந்தர்ப்பம் அவனுக்கு வாய்ப்பதில்லை. கல்வி என்பது அந்த நிற்பில்தான் தொடங்குகிறது என்பது என் கட்சி.

இதற்கு மாற்று உண்டா என்றால், நம் அருகிலேயே இருக்கிறது. முதுமலையில் 1988-ல் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ராமன் சுகுமாரும் அவர்தம் சகாக்களும் 50 ஹெக்டேர் பரப்பை அளந்தெடுத்து, அதற்குள் மார்பளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரச்செடிக்கும் எண் கட்டி, எது செத்தது, எது புதிதாக முளைத்தது என்று ஆண்டுதோறும் பதியும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். மழையும் வறட்சியும் தீயும் யானையும் அந்நிலத்தின் மீது எழுதிய சரித்திரம் அதனால் வரி வரியாகக் கிடைத்தது. யானைகள் விரும்பித் தின்னும் சில சிறுமரங்கள் அங்கே வெகுவாகக் குறைந்துபோனதைக் கண்டறிய முடிந்ததும், வருஷா வருஷம் யாரேனும் ஒருவர் அதே மரத்தின் எண்ணைத் தேடிச் சென்றதால்தான். ஒரு பருவத்துப் பயிற்சிக்கு வந்த மாணவன் எத்தனை கெட்டிக்காரனாயினும் அதைக் கண்டிருக்க மாட்டான். அந்தக் களப்பணியின் பெரும்பகுதி உள்ளூர் மக்களின் கண்ணையும் காலையும் நம்பி நடப்பது. ஒவ்வொரு வனக் கல்லூரியும் ஐம்பது ஹெக்டேர் எடுக்க வேண்டுவதில்லை. ஒரு ஹெக்டேர் போதும். முதலாண்டு மாணவனிடம் அதில் ஒரு மூலையை ஒப்படைத்து, நான்காண்டும் அவனே அதைப் பார்த்து எழுதி, போகும்போது அடுத்து வருகிறவனிடம் பதிவேட்டைக் கைமாற்றிவிட்டுப் போகும்படி செய்தால், இருபதாம் ஆண்டில் சேரும் பிள்ளைக்கு இருபது வயதுக் காடு ஒன்று பாடநூலாகக் கிடைக்கும். இதற்குச் செலவு அதிகமில்லை. பொறுமைதான் அதிகம் வேண்டும், அதற்கு வரவு செலவுத் திட்டத்தில் தலைப்பு இல்லை.

பரம்பரை அறிவைப் பற்றிப் பேசுமிடத்து, மூலிகைப் பட்டியலோடு நிறுத்திக்கொள்வது நம் எழுத்தாளர்களின் பழக்கமாகிவிட்டது. நான் தீயைப் பற்றிப் பேச விரும்புகிறேன். காட்டில் தீயே கூடாது என்பது ஐரோப்பாவில் கற்று வந்த வன உத்தியோகஸ்தர்களின் உறுதியான சித்தாந்தம். ஆனால் அவர்களுள்ளேயே ஒருவரான ஸ்லேட் என்பார், பர்மாவில் தீத்தடுப்பு அளவு கடந்துவிட்டது என்று வாதித்து 1896-ல் ‘இந்தியன் ஃபாரெஸ்டர்’ பத்திரிகையில் கட்டுரை எழுதினார். தீயைத் தடுத்த இடங்களில் மூங்கிலும் புதரும் மண்டி, தேக்கின் இளங்கன்று தலைதூக்க வழியில்லாமற் போவதை அவரும் அவரைப் போன்றோரும் கண்டனர். வங்காளம், அசாம் பகுதிகளின் ஈரமான சாலக் காடுகளிலும் பிற்காலத்தில் இதே அனுபவம் நேர்ந்தது. ஆக, தீயின் பயன் சாஸ்திரத்துக்குத் தெரியாத விஷயமன்று. தெரிந்து மறந்த விஷயம்.

அதே விஷயத்தை மறவாதிருந்தவர்கள் சிலர் நம் எல்லைக்கு அப்பால், சாமராஜநகர் மாவட்டத்துப் பிலிகிரிரங்கன் மலையில் இருந்தார்கள். சத்தியமங்கலம் காடுகளை அடுத்துள்ள அம்மலையில் வாழும் சோலிகர்கள், கோடையின் உக்கிரத்துக்கு முன்னரே, சருகு மட்டும் மெல்ல எரிந்து அடங்கும்படி தீயிடும் வழக்கமுடையவர்கள். 1974-ல் அம்மலை வனவிலங்குச் சரணாலயமான பின், பெயர்ந்து பயிரிடும் வேளாண்மையும் தீயிடுதலும் தடைபட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட உன்னிச்செடி, அதன் பின்னரே இங்கே காட்டை விழுங்கியது என்பது சோலிகர்களின் வாதம்: இளஞ்செடியாயிருக்கையில் மென்தீயில் கருகிப்போகும் உன்னி, தீ நின்றபின் ஆளுயரம் வளர்ந்து விறகாகச் சேர்கிறது, பிறகு தற்செயலாகப் பற்றும் தீ பெருந்தீயாகி மரங்களை வாட்டுகிறது, உன்னியோ வேரிலிருந்து மீண்டும் தழைக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அம்மலையில் வகுத்திருந்த மாதிரி இடங்களில் 1997-க்கும் 2008-க்கும் இடையே உன்னி காணப்பட்ட இடங்கள் ஏறத்தாழ இருமடங்காயின. நெல்லி மரங்களைப் பற்றியும் சோலிகர்கள் இதே போன்றதொன்றைச் சொன்னார்கள். பறவை எச்சத்தின் மூலம் பரவி நெல்லியின் கிளைகளை உறிஞ்சிக் கொல்லும் புல்லுருவி, முன்பெல்லாம் தீயின் அனலாலும் புகையாலும் கட்டுப்பட்டிருந்தது என்பது அவர்கள் கூற்று. நெல்லிக்காய் பறிப்பதே ஜீவனோபாயமானவர்களுக்கு அது கற்பனை விஷயமன்று.

சோலிகர் சொன்ன அனைத்தும் அப்படியே பிரமாணம் என்று நான் வாதிக்கவில்லை. உன்னியின் பெருக்கத்துக்கு மழை, மேய்ச்சல், நில வரலாறு முதலிய காரணங்களையும் எடுத்துக்காட்டி மாறுபடும் விஞ்ஞானிகள் உண்டு. ஓரிடத்துக்குப் பொருந்தும் தீ இன்னோரிடத்தைச் சுடுகாடாக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றோரைப் பலி கொண்ட தீயை யாரும் மறந்திருக்க முடியாது. மாணவன் கற்க வேண்டியது சோலிகர் கூற்றை மனப்பாடம் செய்வதையன்று. அதைச் சோதித்துப் பார்க்கும் முறையை. எரித்த நிலத்துண்டையும் எரிக்காத நிலத்துண்டையும் அருகருகே வைத்து, எந்த மாதத்தில், எந்தப் பனிப்பதத்தில், காற்று எந்தப் பக்கம் அடிக்கையில் எரித்தது என்பதைக் குறித்துக்கொண்டு சில ஆண்டுகள் பார்க்க வேண்டும். அந்த மாதத்தையும் பதத்தையும் காற்றையும் அறிந்தவர் தீயிட்டுப் பழகிய முதியவர். இங்கே ஒரு சங்கடம் குறுக்கிடுகிறது. அறிவு என்பது அம்மக்களிடம் ஓலையில் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை, செய்கையில் இருந்தது. செய்கையைத் தடுத்தால் அறிவு ஒரு தலைமுறைக்கு ஞாபகமாக நிற்கும். அடுத்த தலைமுறைக்குக் கதையாகும். 1974-க்குப் பின் பிறந்த சோலிகர் ஒருவர் தீயிட்டுப் பழகியிருக்க நியாயமில்லை. புலிகள் காப்பகத்துக்குள்ளே ஒரு பழங்குடிச் சமூகத்தின் வன உரிமைகள் நாட்டிலேயே முதன்முதலாக அங்கேதான் 2011-ல் அங்கீகரிக்கப்பட்டன. ஆயினும் தீ விஷயத்தில் தடை தடையாகவே நிற்கிறது. பரம்பரை அறிவைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் போடுகிறவர்கள், அவ்வறிவு பிழைத்திருக்க வேண்டிய செய்கையைச் சட்டம் அனுமதிக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

நீதியின் பக்கமும் ஒன்றுண்டு. 1987-ல் அகத்திய மலையில் ஆராய்ச்சிக்குச் சென்றவர்கள், வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் ஏதோவொரு செடியின் காயை மென்றுகொண்டு களைப்பின்றி நடந்ததைக் கண்டு வினவியதன் பயனாக ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகை வெளியுலகுக்குத் தெரிந்தது. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து தயாராயிற்று. உரிமத் தொகையிலும் வருவாயிலும் பாதி காணிக்காரர்களின் அறக்கட்டளைக்கு என்று திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பாடு செய்தது. உலகம் மெச்சிய ஏற்பாடு அது. எனினும், இரகசியத்தைச் சொன்னவர்கள் சிலரே, உரிமையோ சமூகம் முழுவதற்கும் உரியதல்லவா என்ற கேள்வி அவர்களுக்குள்ளேயே எழாமலில்லை. மாணவன் ஒரு முதியவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் முன் இந்தக் கதையைப் படித்திருக்க வேண்டும்.

மூன்றாவது குறையாகச் சொல்லப்படும் டிஜிட்டல் சாதனங்களும் இந்த ஞாபகப் பிரச்னையிலேயே வந்து சேர்கின்றன. டேராடூனில் 1981-ல் அமைந்த இந்திய வன அளவைத் துறை, செயற்கைக்கோள்கள் கண்டறியும் தீப்புள்ளிகளைப் பதிவு செய்துகொண்டோரின் கைப்பேசிக்கே செய்தியாக அனுப்புகிறது; அப்புள்ளி ஒவ்வொன்றும் தரையில் 375 மீட்டர் சதுரத்தையோ அதனினும் பெரிய பரப்பையோ குறிப்பது. அச்சதுரத்துக்குள் எரிவது உன்னிப் புதரா, குடியானவன் கொளுத்திய தட்டையா, துறையே வைத்த தீத்தடுப்புக் கோடா என்பதைக் கோள் சொல்லாது. போய்ப் பார்த்தவன்தான் சொல்ல வேண்டும். புலிகள் காப்பகங்களில் 2010 முதல் புழக்கத்துக்கு வந்த ரோந்துப் பதிவு முறையில், காவலர் நடந்த தடமும் கண்ட அடையாளங்களும் கருவியில் ஏறுகின்றன. பிராண்டிஸின் மூங்கில் துண்டுக்கும் இக்கருவிக்கும் உள்ள வேறுபாடு நுட்பத்தில் மட்டும் இல்லை. பிராண்டிஸ் தாமே வெட்டினார், தாமே எண்ணினார், தாமே முடிவு செய்தார். இன்று பதிபவர் ஒருவர், படிப்பவர் வேறொருவர். வேட்டைத் தடுப்புக் காவலர் ஆண்டு முழுதும் நடந்து சேர்த்த விவரம் தலைமையிடத்தில் படமாகிறது. அந்தப் படம் அவர் கைக்குத் திரும்பி வந்து, உங்கள் எல்லையில் இந்த ஓடைக்கரையில் மட்டும் மான் குறைகிறதே, ஏன் என்று அவரையே கேட்கும் வழக்கம் வேரூன்றவில்லை. டிஜிட்டல் கல்வி என்று ஒன்றைத் தொடங்குவதானால் அங்கே தொடங்கலாம்.

கல்லூரி மாணவன் விஷயத்தில் நான் ஒரு பேதம் செய்ய விரும்புகிறேன். இலையைப் படமெடுத்தால் பெயரைச் சொல்லிவிடும் செயலிகள் இன்று ஏராளம். அவசரத்துக்கு உதவும், கண்ணைப் பழக்காது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், மேற்குத் தொடர்ச்சி மலையின் மரங்களுக்கு வெளியிட்டுள்ள மின்னணு அடையாளத் திறவுகோல் வேறு ஜாதியைச் சேர்ந்தது. பூவும் காயும் இல்லாத காலத்திலும், இலை எதிரெதிரா மாற்றடுக்கா, நரம்பு எப்படி ஓடுகிறது, பட்டையைக் கீறினால் பால் வடிகிறதா, வடிந்தால் என்ன நிறம் என்று கையிலிருக்கும் கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் செய்து, பார்த்ததைக் கொண்டே பெயருக்கு அழைத்துச் செல்கிறது. அதைப் பத்து முறை பயன்படுத்தியவன் பதினோராம் முறை அது இல்லாமலே சமாளிப்பான். சாதனம் என்றால் அப்படி இருக்க வேண்டும். கருங்குங்கிலியத்தின் பிசின் மணமும், சேங்கொட்டையின் சாறு பட்டால் தோலில் எழும் கொப்புளமும் திரையில் ஏறா என்பது, 2020-ல் கல்லூரிகள் மூடிக்கிடந்து பாடங்கள் கைப்பேசி வழியே நடந்த நாட்களில் எல்லா உபாத்தியாயர்களுக்கும் பிரத்தியட்சமாகியிருக்கும். பரம்பரை அறிவைக் குரலாகவும் படமாகவும் பதிவு செய்து சேமிப்பதில் பெரும் பிரயோஜனம் உண்டு. ஆனால் ஒரு முறை வலையில் ஏறிய இரகசியம் திரும்ப இறங்காது என்பதால், எது எல்லோருக்கும், எது அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று தீர்மானிக்கும் உரிமை கிராம சபையிடம் இருக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் கீழ் தயாராகும் மக்கள் பதிவேடுகள் பல இந்த யோசனையின்றி, ஒப்பந்தக்காரர் நிரப்பிய படிவங்களாக முடிந்துவிட்டன என்று குறை கூறுவோர் கூற்றில் நியாயம் இருக்கிறது.

கடைசியாக நிற்கும் கேள்வி, யார் கற்பிப்பது, யார் தேர்வு செய்வது என்பது. நம் பல்கலைக்கழகங்களின் வழக்கமான விதிகளின்படி பட்டம் இல்லாதவர் பாடம் நடத்துவதும் புறத்தேர்வாளராக அமர்வதும் அரிது. முதுமலையிலோ ஆனைமலையிலோ முப்பது ஆண்டு யானையோடு வாழ்ந்த மாவுத்தரோ, இருளர், காடர், குறும்பர் குலத்து மூத்த காவலரோ மாணவர்களுக்கு வழிகாட்டியாக வரலாம். வந்தால் தினக்கூலி கிடைக்கும். மதிப்பெண் போடும் பென்சில் மட்டும் அவர் கைக்கு வராது. தான் யாரிடம் மதிப்பெண் பெற வேண்டும் என்பதைக் கொண்டே மாணவன் யாருக்குச் செவிகொடுப்பது என்று நிச்சயிக்கிறான். இதில் அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. களத்தில் நடக்கும் வாய்மொழித் தேர்வில் நூற்றுக்கு முப்பது மதிப்பெண்ணை அவ்வெல்லையின் காவலர் கையில் கொடுத்துப் பார்க்கலாம். அவர் கேட்கும் கேள்விகள் எளிமையாகவே இருக்கும்: இந்தத் தடம் நேற்றையதா இன்றையதா, இந்த மரம் ஏன் இவ்வாண்டு பூக்கவில்லை, காற்று திரும்பினால் எந்தப் பக்கம் ஓடுவாய். பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு ஒரு கூட்டத்தில் செய்துவிடக்கூடிய விதித் திருத்தம்தான் இது. செய்யும்போது ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டும்: வெளியூரிலிருந்து வரும் பேராசிரியருக்கு அன்றைக்கு என்ன சன்மானம் தருகிறார்களோ, அதே தொகையைக் காவலருக்கும், அதே படிவத்தில், அதே நாளில் தர வேண்டும்.